டாங்கிக்குப் பார்த்த பட்டி

பிளாஸ்டிக் விமான மாடல்கள் ஒட்டும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "இறக்கையை உடம்போடு ஒட்டினால் மயிரிழை இடைவெளி விழுகிறது. ட்யூபில் வரும் பட்டியை அப்பினால் பக்கத்தில் இருக்கும் நுணுக்கமான கோடுகளும் சேர்ந்து மூடிப்போகின்றன. என்னதான் செய்வது?"

திரவப் பட்டி வாங்குங்கள். ட்யூபில் கெட்டியாக இருக்கும் அதே சரக்குதான், பெயிண்ட் பதத்துக்குத் தளர்த்திச் சின்னக் குப்பியில் அடைத்து வருகிறது. ஜப்பானின் ஜிஎஸ்ஐ கிரியோஸ் நிறுவனத்தின் 'மிஸ்டர் சர்ஃபேசர்' இதில் பேர்போனது. குப்பியின் மேல் 500, 1000, 1200 என்று எண் போட்டிருக்கும். உப்புத்தாள் கணக்கேதான்: எண் குறையக் குறைய முரடு. இடைவெளி அடைக்க 500, அதன் கீறல்களை மறைக்க 1000. ட்யூப் பட்டிதான் கையில் இருக்கிறது என்றால், லாக்கர் தின்னரில் நீங்களே கரைத்துக்கொள்ளலாம். கண்ணாடிக் குப்பியில் கரையுங்கள். பிளாஸ்டிக் கிண்ணத்தில் கரைத்தால் கிண்ணமும் சேர்ந்து கரையும்.

என் மாமா டிங்கரிங் பட்டறை வைத்திருந்தார். கார் கதவுக்கு ஒரே மூச்சில் கனமாகப் பட்டி அப்பும் பையன்களை விரட்டுவார். மெல்லிசாக இழு, காயவிடு, தேய், மறுபடி இழு என்பார். மாடலுக்கும் அதேதான். லாக்கர் பட்டி காய்வது அதிலுள்ள தின்னர் ஆவியாகிப் போவதால். போன தின்னரின் இடம் காலியாகிறது, பட்டி சுருங்குகிறது. கனமாகப் பூசினால் மேலே தோல் கட்டிவிடும், உள்ளே தின்னர் சிறைப்படும். மாடல் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக். தின்னர் அதைக் கொஞ்சம் கரைப்பதால்தான் பட்டி கெட்டியாகப் பிடிக்கிறது. அளவு மீறினால் பிளாஸ்டிக்கே குழைந்துவிடும்.

உங்கள் இறக்கைக்கு இன்னும் எளிய வழி, தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பட்டி. ஸ்பெயினின் வயேஹோ நிறுவனத்துப் பட்டி அந்த வகை. இடுக்கில் விட்டு, ஈரமான பட்ஸால் மிச்சத்தைத் துடைத்தெடுத்தால் போதும், தேய்க்கும் வேலையே இல்லை. ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பிளந்திருந்தால் எந்தத் திரவத்தையும் நம்பாதீர்கள், பிளாஸ்டிக் கீற்று வெட்டிச் செருகுங்கள். பொருத்திப் பார்க்காமல் ஒட்டிவிட்டுப் பட்டியிடம் பரிகாரம் தேடுகிறவர்கள்தான் இங்கே அதிகம்.

இடைவெளி அடைப்பதைவிட, இல்லாத முரட்டுத்தனத்தை உண்டாக்கத் திரவப் பட்டியைப் பயன்படுத்துவதில்தான் எனக்கு ருசி. அமெரிக்க ஷெர்மன் டாங்கியில் எம்4ஏ1 ரகத்தின் உடல் வார்ப்பு எஃகு. அந்தச் சொரசொரப்பு வேண்டுமென்றால், 500-ஐப் பூசி, பாதி காய்ந்ததும் கட்டையான பழைய பிரஷால் குத்திக்கொண்டே போனால் வந்துவிடும். ஆனால் ராஜா 'ட்ஸிம்மெரிட்'.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்களிடம் காந்தத்தால் டாங்கியில் ஒட்டிக்கொள்ளும் வெடிகுண்டு இருந்தது. எதிரியும் அதையே நம் மேல் ஒட்டினால் என்று பயம் வந்தது. 1943-இன் பிற்பாதியில் தங்கள் டாங்கிகளுக்கு ட்ஸிம்மெரிட் என்ற பட்டியைப் பூச ஆரம்பித்தார்கள். நூற்றுக்கு 40 பங்கு பேரியம் சல்ஃபேட், 25 பங்கு பாலிவினைல் அசிடேட், மீதியில் காவி நிறமி, துத்தநாக சல்ஃபைடு, 10 பங்கு மரத்தூள். பாலிவினைல் அசிடேட் வேறொன்றுமில்லை, ஃபெவிகால் வகைப் பசைதான். இந்தப் பூச்சு காந்தத்தை ஒன்றும் செய்யாது, இரும்புக்கும் காந்தத்துக்கும் நடுவே சில மில்லிமீட்டர் தள்ளி வைக்கும், அவ்வளவுதான். தூரம் கூடினால் காந்தப் பிடி சட்டென்று விழுந்துவிடும். பூச்சை வரிவரியாகச் சீவியது அழகுக்காக அல்ல, குறைந்த எடையில் அதிக உயரம் கிடைக்க. ஆலைக்கு ஆலை கோலம் மாறியது. ஆல்கெட் ஆலையின் ஷ்டுக் 3 வண்டிகளில் கட்டம் கட்டமாக இருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், நேச நாட்டுப் படைகள் காந்தக் குண்டுகளைப் பெரிய அளவில் பயன்படுத்தவே இல்லை. குண்டு பட்டால் பூச்சு தீப்பிடிக்கிறது என்று வதந்தி கிளம்ப, 1944 செப்டம்பரில் நிறுத்தினார்கள். சோதித்ததில் வதந்தி பொய் என்று தெரிந்தது. ஆனாலும் பூச்சு திரும்ப வரவில்லை. பூசிக் காயவைக்க ஒவ்வொரு வண்டிக்கும் நாள் கணக்கில் பிடித்தது.

ஆக, பட்டியைப் போலச் செய்யப் பட்டியே கிடைத்திருக்கிறது. கொஞ்சம் கெட்டியான திரவப் பட்டியைப் பூசி, தொட்டால் கையில் ஒட்டாத பதத்தில், மெல்லிய தட்டை ஸ்க்ரூடிரைவர் நுனியால் வரிவரியாக அழுத்துங்கள். அளவு முக்கியம். டாங்கி மாடல்கள் பெரும்பாலும் 35-இல் ஒரு பங்கு. (இந்த அளவு வந்த கதை: 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானின் டாமியா நிறுவனம் தன் பாந்தர் டாங்கிக்குள் மோட்டாரும் பேட்டரியும் அடங்க வேண்டுமென்று வைத்த அளவு.) நிஜத்தில் மூன்றரை மில்லிமீட்டர் உயர வரி, மாடலில் 0.1 மில்லிமீட்டர்தான், ஒரு ஏ4 தாளின் கனம். போட்டிகளில் நான் பார்க்கும் டாங்கிகளோ ஏர் உழுத மாதிரி நிற்கின்றன.

இன்னொன்றும் பார்க்கிறேன், ஜெர்மன் டாங்கி என்றாலே வரி போட்டுவிடுகிறார்கள். இங்கிலாந்தின் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் 'டைகர் 131' நிற்கிறது. 1943 ஏப்ரலில் டுனீசியாவில் பிடிபட்டது. பூச்சு வருவதற்கு முந்தைய வண்டி, அதன் உடம்பு மொழுமொழுவென்றுதான் இருக்கும். அதே அருங்காட்சியகத்தில் உள்ள யாக்டைகர் என்ற ஜெர்மன் வண்டியில் நிஜப் பூச்சைக் காணலாம். படங்கள் எளிதில் கிடைக்கின்றன, பட்டியைத் தொடுமுன் ஒரு முறை பாருங்கள்.

கடைசியாக, லாக்கர் தின்னரின் ஆவி நுரையீரலுக்கும் மூளைக்கும் கெடுதல். ஏசி அறையைப் பூட்டிக்கொண்டு, பக்கத்தில் குழந்தையை உட்காரவைத்து இந்த வேலையைச் செய்யாதீர்கள். காய்ந்த பட்டியைத் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், தூசி பறக்காது. ஜன்னலைத் திறந்த பிறகே குப்பியைத் திறங்கள்.