கிணற்றுக்குள் என்ஜின் இறக்கலாமா?

கோடையில் கிணற்று நீர்மட்டம் இறங்கியதும், மேலே இருக்கும் என்ஜின் பம்ப்செட்டைக் கயிறு கட்டி இறக்கி, உள்ளே கல்திட்டின் மீது வைத்து ஓட்டும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. தூர் வாரும்போதும், ஆழப்படுத்தும்போதும் ஊற்று நீரை இறைக்க இவ்வாறு செய்கிறார்கள். இது உயிருக்கே ஆபத்தான வழக்கமாகும்.

என்ஜினை இறக்கும் காரணம்

பம்பு, குழாயிலுள்ள காற்றை வெளியேற்ற, வெளிக்காற்றின் அழுத்தமே தண்ணீரை மேலே தள்ளுகிறது. இவ்வழுத்தம் அதிக அளவாக 34 அடி உயரத்திற்குத்தான் தண்ணீரைத் தாங்கும். உராய்வும் கசிவும் போக, நடைமுறையில் 20 முதல் 22 அடிதான் கிடைக்கும். குதிரைத்திறனைக் கூட்டினாலும் இந்த அளவு மாறாது. எனவே, நீர்மட்டம் அதற்கும் கீழே போனால் பம்பை இறக்க நேரிடுகிறது. அதனுடன் பூட்டிய என்ஜினும் சேர்ந்தே இறங்குகிறது.

புகையிலுள்ள நஞ்சு

எரிபொருள் சரிவர எரியாதபோது கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சு வாயு உண்டாகிறது. இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பெட்ரோல், மண்ணெண்ணெய் என்ஜின்களின் புகையில் இது மிகுதி. டீசல் என்ஜினில் குறைவு என்றாலும், கிணறு போன்ற அடைப்பான இடத்தில் அதுவும் ஆபத்தே.

ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினுடன் இந்த வாயு, பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்புடன் சேர்ந்துகொள்கிறது. மூச்சு ஓடிக்கொண்டிருந்தாலும் உடலுக்குப் பிராணவாயு கிடைப்பதில்லை. முதலில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல் தோன்றும். பிறகு கைகால் தளர்ந்துவிடும். ஏறிவிடலாம் என நினைக்கும்போது படியில் கால் வைக்கவும் முடியாது. என்ஜினை நிறுத்தினாலும், காற்றோட்டம் இல்லாத கிணற்றில் வாயு தங்கியிருக்கும்.

விளக்குச் சோதனை போதாது

விளக்கை இறக்கிப் பார்த்து, அணையாவிட்டால் உள்ளே போகலாம் என்பது பழைய பழக்கம். பிராணவாயு குறைந்து, கரியமில வாயு தேங்கியிருந்தால் விளக்கு அணையும். ஆனால், ஆளைக் கொல்லும் அளவு கார்பன் மோனாக்ஸைடு இருந்தாலும் விளக்கு நன்றாகவே எரியும். பெட்ரோல் ஆவி இருந்தால் தீப்பிடிக்கவும் கூடும். எனவே, இச்சோதனையை நம்பி இறங்கக்கூடாது.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. என்ஜினை எப்போதும் கிணற்றுக்கு வெளியே, புகை உள்ளே இறங்காத திசையில் தள்ளி வைக்க வேண்டும். புகைக்குழாயை நீட்டி மேலே விடுவது போதிய பாதுகாப்பு ஆகாது. இணைப்புகளில் புகை கசியும்.

2. நீர் ஆழத்தில் இருந்தால் ஜெட் பம்பு அல்லது நீர்மூழ்கி மோட்டார் பொருத்துவது நல்லது. மின்சாரம் இல்லாத இடத்தில் ஜெனரேட்டரை மேலே வைத்து, நீர்மூழ்கி மோட்டாரை மட்டும் இறக்கலாம். ஜெனரேட்டரை மூடிய மோட்டார் அறைக்குள் ஓட்டக்கூடாது.

3. ஆள் இறங்கும் முன்பும், வேலை நடக்கும்போதும் புளோயர் மூலம் கிணற்றின் அடிவரை நல்ல காற்றைச் செலுத்த வேண்டும்.

4. இறங்குபவரின் உடலில் கயிறு கட்டி, மேலே இருவராவது அதைப் பிடித்திருக்க வேண்டும். தலைசுற்றல் என்றால் உடனே மேலே வந்துவிட வேண்டும்.

விபத்து நேர்ந்தால்

மயங்கியவரைக் காப்பாற்ற அண்ணனோ தம்பியோ பதறி உள்ளே குதிப்பதால், ஒரே வீட்டில் இரண்டு, மூன்று உயிர்கள் போவதுண்டு. கயிறு கட்டியிருந்தால் மேலிருந்தே இழுக்க வேண்டும். இல்லையெனில், யாரும் இறங்காமல் தீயணைப்பு நிலையத்திற்கு 101 எண்ணிலும், ஆம்புலன்சுக்கு 108 எண்ணிலும் தெரிவிக்க வேண்டும். அவர்கள் வரும்வரை புளோயர் இருந்தால் காற்றைச் செலுத்தி வரலாம்.

மேலே கொண்டு வந்தவரைத் திறந்த வெளியில் கிடத்தி, மூச்சு இல்லையென்றால் உடனே செயற்கைச் சுவாசம் அளிக்க வேண்டும். தெளிந்துவிட்டார் என்று வீட்டிற்கு அழைத்துச் செல்லாமல், மருத்துவமனையில் சேர்த்து, என்ஜின் புகையைச் சுவாசித்தவர் என்று மருத்துவரிடம் சொல்வது அவசியம். பிராணவாயு அளிப்பதே இதற்குரிய முதல் சிகிச்சையாகும்.

ஒரு போகத் தண்ணீரைவிட உயிர் பெரிது. தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருந்தாலும், என்ஜின் கிணற்றுக்கு வெளியேதான் இருக்க வேண்டும்.