ஒலிவ் எண்ணெயும் அம்மம்மாவின் கரண்டியும்

மொன்ட்ரியால்-நோரில் எமது இத்தாலிய அயலவர்கள் பாணில் தொட்டுச் சாப்பிடும் ஒலிவ் எண்ணெய், இப்போது எங்கள் குசினிகளுக்கும் வந்துவிட்டது. "என்ன பிள்ளை, தொண்டை காறுது, பழுதோ?" என்று கேட்கும் அம்மம்மாமார் பலர்.

பழுதல்ல. நல்ல 'எக்ஸ்ட்ரா வேர்ஜின்' எண்ணெயிலுள்ள ஒலியோகந்தால் என்னும் பொருளே அக்காறலுக்குக் காரணம். அது இபுபுரோபன் மாத்திரையைப் போல அழற்சியைத் தணிக்கும் தன்மையுடையது என 2005இல் விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். அதற்காக எண்ணெய் மருந்தாகிவிடாது.

ஸ்பெயினில் இதயநோய் ஆபத்து அதிகமுள்ள 7,447 பேரிடம் நடத்தி, 2018இல் திருத்தி வெளியிடப்பட்ட ஆய்வில், மரக்கறி, பருப்பு, மீனுடன் இவ்வெண்ணெயையும் சேர்த்துக்கொண்டோரிடம் மாரடைப்பு, பக்கவாதம் முதலியவை ஏறத்தாழ 30 சதவீதம் குறைவாகக் காணப்பட்டன.

நல்லது என்றதும் தாராளமாக ஊற்றலாமா? ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 120 கலோரி உண்டு, நல்லெண்ணெயிலும் அதேயளவுதான். "கரண்டியால அளந்து விடு, போத்தலைக் கவிழ்க்காதை" என்று அதட்டிவிட்டு, முதல் தோசையை எங்கள் கோப்பையில் வைக்கும் அம்மம்மாவின் கண்டிப்பே இங்கு எமக்குத் தேவை.

வெண்ணெய், தேங்காய் எண்ணெய்க்குப் பதிலாகப் பாவிப்போம், மேலதிகமாக அல்ல. கருநிறப் போத்தலில் வாங்கி, அடுப்பின் சூடு படாத இடத்தில் வைப்போம்.