பன்னிரண்டாயிரம் ரூபாய் ஏன் நின்றுபோயிற்று?



முக்கூடலில் பீடி சுற்றும் ஒரு தாய், தம்முடைய மகளின் மதிப்பெண் பட்டியலைப் பிளாஸ்டிக் பையில் பத்திரமாய்ச் சுற்றி எடுத்துக்கொண்டு எங்களைத் தேடி வந்தார். மகள் பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். "போன வருஷம் பன்னிரண்டாயிரம் வந்துச்சு. இந்த வருஷம் ஒண்ணும் வரலியே. மார்க்கு கொறஞ்சு போச்சோ?" என்று கேட்டார்.

மார்க் குறையவில்லை. இரண்டாம் ஆண்டுக்கு மறுபடியும் விண்ணப்பிக்க வேண்டும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. கேட்டு வந்தபோது கடைசி நாள் கடந்துபோயிருந்தது.

"நன்றாய்ப் படிக்கிற பிள்ளைக்கு அரசாங்கமே பணம் கொடுக்கிறதே, நாம் ஏன் உதவ வேண்டும்?" என்று உங்களில் சிலர் எங்களுக்கு எழுதுகிறீர்கள். நியாயமான கேள்விதான். திறமைக்கான உதவித்தொகை எப்படிக் கொடுக்கப்படுகிறது என்பதைச் சொன்னால் பதில் தானாய் விளங்கும்.

கல்லூரி மாணவர்களுக்கு மத்திய கல்வி அமைச்சகம் ஒரு திட்டம் நடத்தி வருகிறது. ஆண்டுதோறும் 82,000 பேரைப் புதிதாய்ச் சேர்ப்பது அதன் அளவு. அதில் பாதி பெண்களுக்கு. இந்த இடங்களை 18 முதல் 25 வயதுள்ளோரின் தொகைக்கு ஏற்ப மாநிலங்களுக்குப் பிரிக்கிறார்கள். பின்பு அறிவியல், வணிகவியல், கலை என்று மூன்றுக்கு இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் பங்கிடுகிறார்கள்.

இதில் பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. 80 சதவீத மார்க் எடுத்தால் போதும் என்று எண்ணுகிறார்கள். அப்படியல்ல. அதே பாடப்பிரிவில், அதே தேர்வு வாரியத்தில் தேறிய நூறு பேரை வரிசையாய் நிறுத்தினால், முதல் இருபது பேருக்குள் பிள்ளை இருக்கவேண்டும். எல்லாரும் அதிக மார்க் எடுத்த ஆண்டில் 600-க்கு 500 எடுத்தவளும் வெளியே நிற்க நேரிடலாம். தேர்வு கடினமான ஆண்டில் அதற்குக் குறைவாய் எடுத்தவளும் உள்ளே வந்துவிடலாம்.

மார்க்குடன் வருமானமும் பார்க்கப்படும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் நாலரை லட்சம் ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. கல்லூரிக்கு நேரில் சென்று படிக்கிறவர்களுக்கே இது உரியது. தபால் வழிப் படிப்புக்கும் டிப்ளமோவுக்கும் இல்லை.

2022-23 கல்வியாண்டு முதல் பட்டப்படிப்பின் முதல் மூன்று ஆண்டுகளுக்கு வருடம் 12,000 ரூபாயும், முதுகலையில் வருடம் 20,000 ரூபாயும் என்று தொகை உயர்த்தப்பட்டது. பணம் மாணவரின் வங்கிக் கணக்குக்கே நேராய்ப் போகிறது. ஆனால் அதற்குமுன் கல்லூரி அந்த விண்ணப்பத்தைச் சரிபார்த்து ஒப்புதல் அளிக்கவேண்டும். அங்கே ஒருவர் மறந்தால் விண்ணப்பம் அப்படியே நின்றுவிடும்.

ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கவும் வேண்டும். ஆண்டுத் தேர்வில் 50 சதவீத மதிப்பெண்ணும், 75 சதவீத வருகையும் தேவை. தாய் காய்ச்சலாய்ப் படுத்தால் வீட்டில் இருந்து கவனிப்பது மூத்த மகள்தான். அப்படிப்பட்ட பிள்ளைக்கு மார்க்கைவிட வருகைப் பதிவுதான் பெரிய கண்டம்.

பீடித் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் கல்வி உதவி தனியாய் உண்டு. ஒன்றாம் வகுப்புக்கு ஆண்டுக்கு 1,000 ரூபாயில் தொடங்கி, பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்புக்கு 25,000 ரூபாய் வரை அதன் அளவு. பி.ஏ., பி.எஸ்ஸி. போன்றவற்றுக்கு 6,000 ரூபாய். இதற்கு ரேங்க் பார்ப்பதில்லை. முந்தின வகுப்பில் தேறியிருக்க வேண்டும். தாய் அல்லது தகப்பன் ஆறு மாதமாவது பீடித் தொழிலில் இருந்திருக்க வேண்டும்.

ஆனால் ஒரு பிள்ளை இரண்டையும் வாங்க முடியாது. ஆகையால் விண்ணப்பிக்குமுன் கணக்குப் பார்க்கவேண்டும். பி.எஸ்ஸி. படிக்கிறவளுக்கு ரேங்க் இருந்தால் 12,000 ரூபாய்த் திட்டமே மேல். பொறியியல் படிக்கிற அவளுடைய தம்பிக்குப் பீடித் தொழிலாளர் உதவியே மேல். தெரியாமல் மாற்றி விண்ணப்பித்தால் நஷ்டம் பிள்ளைக்குத்தான்.

பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் அறக்கட்டளைப் பரிசுகளும் உண்டு. ஒருவர் ஒரு தொகையை வங்கியில் முதலீடு செய்துவைக்க, அதன் வட்டி முதல் மதிப்பெண் பெற்றவருக்குப் போகும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பத்தாயிரம் ரூபாய் முதலுக்குப் பத்து வட்டி கிடைத்த நாளில் ஆயிரம் ரூபாய் வந்தது; ஆறு வட்டியானால் அறுநூறுதான். முதலைக் கூட்டாவிட்டால் பெயர் நிற்கும், உதவி தேய்ந்துபோகும். அறக்கட்டளை வைக்க நினைப்பவர்கள் இதை மறக்கவேண்டாம்.

கடைசியாய் ஒன்று. கல்லூரிக் கட்டணம் ஆண்டின் தொடக்கத்திலே கேட்கப்படுகிறது. உதவித்தொகையோ மாதங்கள் சென்றபின் வருகிறது. இடைப்பட்ட காலத்தில்தான் தாய்மார்கள் வட்டிக்கு வாங்குகிறார்கள், கம்மலை அடகு வைக்கிறார்கள். சில வீடுகளில் மகளே பீடித் தட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள்.

எனவே நண்பர்களே, அரசாங்கம் கொடுப்பது மெய்தான். ஆனால் அது கேட்கிறவருக்கு, உரிய நாளில் கேட்கிறவருக்கு, ஒவ்வோர் ஆண்டும் மறவாமல் கேட்கிறவருக்குக் கிடைக்கிறது. எழுத்து வாசனை அறியாத வீட்டில் அதை நினைவூட்ட ஒரு ஆள் வேண்டும். பணம் வந்துசேரும்வரை கட்டணத்தைத் தாங்க ஒரு கை வேண்டும்.

அந்தப் பெண்ணின் இரண்டாம் ஆண்டுக் கட்டணம் உங்கள் உதவியால் கட்டப்பட்டது. அந்த ஆண்டின் 12,000 ரூபாய் போனது போனதுதான். அவளோ இப்பொழுது தன் தெருவில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளின் பெயர்களையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவைத்து, புதுப்பிக்கும் நாள் வந்ததும் வீடு வீடாய்ப் போய்ச் சொல்லிவருகிறாள். உங்கள் ஊரிலும் அப்படி ஒரு நோட்டு தொடங்குங்கள். அதற்குப் பணம்கூட வேண்டியதில்லை.