மனப்புண் ஆறும் வழி: கிரீ மக்களின் அனுபவம்

உடலில் பட்ட புண் ஆறிற்றா என்பதைக் கண்ணால் கண்டு கூறலாம். குழந்தைப் பருவத்தில் மனத்தில் பட்ட புண்ணோ, ஆறியது போல் தோன்றிப் பல ஆண்டுகளுக்குப் பின்னரும் வலி தருவதுண்டு. அது ஆறுவதற்கு வேண்டுவது யாது? கனடா நாட்டுக் கிரீ மக்களின் அனுபவம் இதற்கு ஒரு விடை தருகிறது.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 1990-களின் பிற்பகுதி வரை, கனடாவின் பூர்வ குடிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 1,50,000 குழந்தைகள் உறைவிடப் பள்ளிகளில் வைக்கப்பட்டனர். அவர்களுள் கிரீ குழந்தைகள் பலர். அரசாங்கத்தின் பொருளுதவியுடன் இப்பள்ளிகளை நெடுங்காலம் நடத்தியவை கிறிஸ்தவத் திருச்சபைகள். தாய்மொழியில் பேசிய குழந்தைகள் தண்டிக்கப்பட்டனர். அடியும் பசியும் பாலியல் கொடுமையும் பலருக்கு நேர்ந்தன. பெற்றோரின் அரவணைப்பை அறியாது வளர்ந்தவர்கள், தாமே பெற்றோரானபோது பிள்ளைகளை அரவணைக்கும் வகை தெரியாமல் தவித்தனர். துயரை மறக்க மதுவை நாடியவர்களும் உண்டு.

ஜேம்ஸ் விரிகுடாவின் கிழக்குக் கரையில் வாழும் கிரீ மக்கள் நல்வாழ்வை 'மியுபிமாதிசியுன்' என்பர். 'நன்கு உயிர் வாழ்தல்' என்பது அதன் பொருள். நோயின்மை மட்டும் அன்று. வேட்டைக்குச் செல்லும் வலிமை, நல்லுணவு, குளிருக்கு இதமான வெப்பம், உற்றாரோடு கூடி வாழ்தல் ஆகிய யாவும் இதில் அடங்கும் என்று மானிடவியல் அறிஞர் நவோமி அடெல்சன் 2000-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். இக்கருத்துக்கு இயைய, சிசாசிபி என்னும் ஊரில் மனம் நொந்தவர்களை முதியோர் காட்டு முகாமுக்கு அழைத்துச் செல்கின்றனர். அங்கு விறகு வெட்டுதல், மீன் பிடித்தல் போன்ற வேலைகளுக்கிடையே பேச்சு தானாகவே பிறக்கிறது.

ஆல்பர்ட்டா மாகாணத்தின் புளூ குவில்ஸ் பள்ளியின் வரலாறும் அறியத்தக்கது. 1970-இல் பூர்வ குடிப் பெற்றோர்கள் அப்பள்ளியில் அமர்ந்து போராடி, அதன் நிர்வாகத்தைத் தம் கைக்கு மாற்றிக்கொண்டனர். இன்று அது பல்கலைக்கழகமாக வளர்ந்து, கிரீ மொழியையே கற்பிக்கிறது.

காயமுற்றோர் யாவரும் முற்றும் தேறிவிட்டனர் என்பதன்று இதன் பொருள். உண்மை காணவும் நல்லிணக்கம் வளர்க்கவும் அமைக்கப்பட்ட ஆணைக்குழு 2015-இல் விடுத்த 94 வேண்டுகோள்களுள் பல இன்னும் நிறைவேறவில்லை. எனினும் ஒன்று தெளிவு: பிடுங்கப்பட்ட மொழியும் உறவும் நிலமும் திரும்பக் கிடைக்கும்போது மனிதர் மீண்டெழுகின்றனர்.

ஊழியர்களும் ஆசிரியர்களும் இதனின்று கொள்ளத்தக்கது உண்டு. துன்புற்றவரை, "மறந்துவிடுங்கள்" என்று அவசரப்படுத்தலாகாது. அவர் பேச விரும்பும் வேளையில் பொறுமையுடன் கேட்டல் வேண்டும். குழந்தை வீட்டில் பேசும் மொழியை வகுப்பறையில் இகழாதிருப்பதும் அக்குழந்தைக்குச் செய்யும் பாதுகாப்பே ஆகும்.