தோல்வியிலும் துணைநிற்போர்

பேரா காற்பந்து அணி 2018ஆம் ஆண்டு திரெங்கானுவைப் பினால்டியில் வீழ்த்தி, எட்டாவது முறையாக மலேசியக் கிண்ணத்தை வென்றது. மூன்றே ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. நிதி நெருக்கடியால் ஆட்டக்காரர்களின் சம்பளம் நிலுவையில் நின்றது. முக்கிய ஆட்டக்காரர்கள் சிலர் விலகினர். 2021ஆம் ஆண்டு சூப்பர் லீக்கின் 12 அணிகளுள் 11ஆம் இடத்தைப் பிடித்த பேரா, பிரிமியர் லீக்கிற்கு இறங்கியது.

தோட்டப்புறத் திடல்களில் பந்து உதைத்து வளர்ந்து, பின்னர் ஈப்போவில் குடியேறியவர்களுக்கும் இது தங்கள் மாநில அணியே. அதனால்தான் அதன் வீழ்ச்சி வலிக்கிறது. சினங்கொண்டு இரசிகர்கள் அரங்கைப் புறக்கணித்தால், நுழைவுச்சீட்டு வருமானம் குறைந்து அணி மேலும் தளரும். எனவே, நிர்வாகத்தின் தவற்றைத் தட்டிக்கேட்கும் நல்ல இரசிகர், அடுத்த ஆட்டத்திற்கும் தவறாமல் வருகிறார்.