மிச்சத்தில் கிடைத்த பிக்காச்சு!

(மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் துறை)



"போக்கிமானா? அது சின்னப் பசங்க பாக்குற கார்ட்டூன் ஆச்சே! டிப்ளமோ படிக்கிற வயசுல இதுக்கு ஒரு கட்டுரையா?" என்று சிலர் இப்போதே அடுத்த பக்கத்தைப் புரட்டத் தயாராகியிருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்! கேட்ட பிராஞ்ச் கிடைக்காமல், மிச்சம் இருந்த பிராஞ்சில் சேர்ந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? இந்தக் கதை அவர்களுக்கானது.

விதை போட்டவர்

போக்கிமானைப் படைத்தவர் ஜப்பானைச் சேர்ந்த சதோஷி தஜிரி. சிறு வயதில் பூச்சி பிடித்துத் திரிந்தவர். பிறகு தொழில்நுட்பக் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் படித்தார். ஆமாம், நம்ம ஆளுதான்! 1983இல் வீடியோ கேம் பற்றிக் கையாலேயே எழுதி ஒரு பத்திரிகை நடத்தினார். பெயர் 'கேம் ஃப்ரீக்'. 1989இல் அதுவே கம்பெனி ஆனது. இரண்டு கேம் பாய் கருவிகளை இணைக்கும் ஒயரைப் பார்த்ததும், அதன் வழியே பூச்சிகள் ஊர்ந்து போவதுபோல் அவருக்குத் தோன்றியதாம். அந்தக் கற்பனைதான் 1996 பிப்ரவரியில் போக்கிமான் கேமாக வந்தது. டி.வி. தொடர் 1997 ஏப்ரல் 1 அன்று ஜப்பானில் தொடங்கியது. கதாநாயகனுக்கும் சதோஷி என்றே பெயர் வைத்தார்கள். நமக்குத் தெரிந்த பெயர் ஆஷ்.

ஆட்டத்தின் சட்டதிட்டம்

பத்து வயது ஆனதும் ஒரு போக்கிமானை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்ப வேண்டும். ஒவ்வொரு ஊர் ஜிம்மிலும் அதன் தலைவரை ஜெயித்தால் ஒரு பேட்ஜ். எட்டு பேட்ஜ் சேர்த்தால் லீக் போட்டிக்குத் தகுதி. தண்ணீர் வகை நெருப்பை அடக்கும், நெருப்பு புல்லை அடக்கும், புல் தண்ணீரை அடக்கும். மின்சார வகை மண் வகையிடம் எடுபடாது (எர்த்திங் படித்த நமக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை!).

ஆஷ் முதல் நாளே நேரம் கழித்து எழுந்து ஓடினான். நல்ல போக்கிமான் மூன்றையும் மற்றவர்கள் வாங்கிப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது சொன்ன பேச்சு கேட்காத ஒரு பிக்காச்சு. கையில் வாங்கியதுமே ஷாக் அடித்தது!

இன்னொரு ஜிம்மில் அதே பிக்காச்சு, தன் வகையின் வளர்ந்த வடிவமான ராய்ச்சுவிடம் செம அடி வாங்கியது. இடிக்கல் ஒன்றைத் தொட்டால் தானும் ராய்ச்சுவாக மாறிவிடலாம். பிக்காச்சு அந்தக் கல்லைத் தட்டிவிட்டது. மறுபடி மோதியபோது, உருவத்தில் சின்னதாக இருந்துகொண்டே வேகத்தால் ஜெயித்தது. எனக்குத் தொடரிலேயே பிடித்த முதல் இடம் இதுதான்.

ஷின்ஜியின் கணக்கு

"இதுவும் சேவல் சண்டை மாதிரிதானே?" என்று ஒரு கேள்வி உண்டு. நியாயமான கேள்வி. அதற்குத் தொடரே ஒரு ஆளை வைத்துப் பதில் சொல்கிறது. ஆங்கிலத்தில் அவன் பெயர் பால். பால் என்று எழுதினால் டீக்கடைதான் ஞாபகம் வரும் என்பதால் ஜப்பானியப் பெயரான ஷின்ஜி என்றே சொல்கிறேன்.

ஷின்ஜி சோம்பேறி இல்லை. எதிராளியை நன்றாகப் படித்துவிட்டு வருவான். ஆனால் அவன் கணக்கு ஒன்றே ஒன்றுதான்: பலம் உள்ளதை வைத்துக்கொள், இல்லாததைத் துரத்து. சிம்சார் என்ற நெருப்புக் குரங்கை, நெருக்கடியில் அது காட்டிய வெறிக்காகவே பிடித்தான். அந்த வெறி மறுபடி வர வேண்டும் என்று வதைத்தான். ஒரு போட்டியில் அது பயந்து நின்றதும், "இனி நீ வேண்டாம்" என்று விட்டுவிட்டான். ஆஷ் அதைக் கூப்பிட்டுக்கொண்டான்.

அதன் பிறகு உடனே ஜெயித்துவிட்டானா? இல்லை! ஆறுக்கு ஆறு மோதியதில் ஷின்ஜியிடம் நன்றாகவே தோற்றான். கடைசியில் 2010இல் லீக் காலிறுதி. இன்ஃபெர்னேப்பாக வளர்ந்திருந்த அதே குரங்கு, ஷின்ஜியின் எலக்டிவையரை வீழ்த்தியது. அன்று அந்த வெறி அதன் கட்டுப்பாட்டிலேயே இருந்தது. சேவல் சண்டைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது.

குறையும் உண்டு

ரசிகன் என்பதற்காக எல்லாவற்றையும் தலையில் தூக்கி வைத்து ஆட முடியாது. இத்தனை வருடத்தில் ஆஷுக்கு வயது ஏறவே இல்லை. புது நாட்டுக்குப் போகும்போதெல்லாம் படித்ததை மறந்தவன் மாதிரி ஆகிவிடுவான். 2010இல் தொடங்கிய உனோவா கதையில், அன்றைக்குத்தான் பயணம் கிளம்பிய ஒரு பையனின் ஸ்னைவியிடம் பிக்காச்சு தோற்றது. மின்சாரம் வராமல் போனதற்கு ஒரு காரணம் சொன்னார்கள்தான். ஆனாலும் மனசு ஒப்பவில்லை. 2016இல் காலோஸ் லீக் இறுதிப் போட்டி வரை வந்து அலெய்னிடம் தோற்றபோது உலகம் முழுக்க ரசிகர்கள் கொதித்துப் போனார்கள்.

லீக் கோப்பை கைக்கு வந்தது 2019 செப்டம்பரில், அலோலாவில். தொடர் ஆரம்பித்து 22 வருடம் ஆகியிருந்தது! 2022 நவம்பர் 11 அன்று லியோனை ஜெயித்து உலகச் சாம்பியன் ஆனான். லியோனின் கடைசிப் போக்கிமானான சாரிசார்டை வீழ்த்தியது யார் தெரியுமா? அந்த மிச்சத்தில் கிடைத்த பிக்காச்சு! 2023 மார்ச்சில் ஆஷின் கதை முடிந்தது. ஏப்ரலில் இருந்து லிக்கோ, ராய் என்ற புதியவர்களோடு தொடர் போய்க்கொண்டிருக்கிறது.

"பாத்தியா, கடைசில ஜெயிச்சுட்டான், அதனால அவன் வழிதான் சரி" என்று நான் சொல்ல வரவில்லை. 2010இல் ஷின்ஜியை ஜெயித்த கையோடு அரையிறுதியில் தோற்றானே, அன்றைக்கும் அவன் வழி சரிதான். தனக்குக் கிடைத்ததை அவன் ஒருநாளும் தூக்கி எறியவில்லை. அடுத்தவன் எறிந்ததையும் எடுத்து வளர்த்தான்.

நம் வகுப்பிலும் வைவாவில் பயந்து நிற்கிற சிம்சார்கள் இருக்கிறார்கள். லேபில் பேட்ச் பிரிக்கும்போது, "அவன் வேணாம்டா, மார்க் போயிடும்" என்று ஒதுக்குகிறோம். அடுத்த செமஸ்டரில் அவனையும் நம் பேட்சில் சேர்த்துக்கொள்வோமா, நண்பர்களே?