ஒலியின் மறுபாதி

கண்ணுக்கு நாம் செய்யும் உபசாரத்தைக் காதுக்குச் செய்வதில்லை. தொலைக்காட்சிப் பெட்டி வாங்கும்போது திரை எத்தனை அங்குலம், படம் தெளிவா என்றுதான் விசாரிக்கிறோம். ஒலி எப்படி என்று கேட்பவர் சிலரே. இந்த அசட்டையினால் எங்கள் வீட்டில் நெடுநாள் இழந்திருந்த ஒன்றையும், அதை மீட்ட விதத்தையும் நண்பர்களுக்குக் கூற விழைகிறேன்.

தொங்கிய சிவப்பு முனை

கருணாபுரத்தில் எங்கள் வீட்டில் இருப்பது பழைய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி. உறவினர் ஒருவர் தாம் ஆடி முடித்த பிளேஸ்டேஷன் 2 விளையாட்டுக் கருவியை என் தம்பிக்குக் கொடுத்தார். 2000-ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்து, உலகெங்கும் 15 கோடிக்கு மேல் விற்பனையாகி, 2013-இல் உற்பத்தி நின்றுபோன கருவி அது. அதன் ஒயர் நுனியில் மூன்று பின்கள் உண்டு. மஞ்சள் படத்திற்கு, வெள்ளை இடப்பக்க ஒலிக்கு, சிவப்பு வலப்பக்க ஒலிக்கு. எங்கள் பெட்டியிலோ மஞ்சள், வெள்ளை என இரண்டே துளைகள். சிவப்புப் பின் செருக இடமின்றிப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது.

கார்ப் பந்தயம் ஆடும்போதெல்லாம் தம்பி, "பின்னால் வந்த வண்டி எந்தப் பக்கம் முந்தினான் என்றே தெரியவில்லை, அண்ணா" என்று சலித்துக்கொள்வான். "உனக்குக் கவனம் போதாது" என்று நான் கடிந்துகொள்வேன். ஒருநாள் அவன் அந்தச் சிவப்புப் பின்னைக் கையில் எடுத்து, "இது எதற்கு?" என்று கேட்டான். இயற்பியல் மாணவனாகிய எனக்கு அப்போதுதான் உறைத்தது. கருவி அனுப்பிய ஒலியில் ஒரு பாதி எங்கள் வீட்டிற்குள் வரவேயில்லை. குறை அவன் கவனத்தில் இல்லை.

இரு காதுகள் எதற்கு?

கல்வராயன் மலையடிவாரத்தில் மேயும் மாட்டின் கழுத்துமணி ஒலித்தால், கண்ணை மூடியிருந்தாலும் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுகிறோம். வலப்புறம் எழும் ஒலி முதலில் வலக்காதை அடைகிறது. இடக்காதை அடைய, ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைவான நேரம் பிந்துகிறது. தலை இடையில் நிற்பதால் சற்றுக் குன்றியும் கேட்கிறது. இச்சிறு வேற்றுமையைக் கொண்டே மூளை திசையை அறிகிறது. இந்த உண்மையைப் பயன்படுத்தி ஆங்கிலேயப் பொறியாளர் ஆலன் புளூம்லைன் 1931-இல் இருவழி ஒலிப்பதிவிற்குக் காப்புரிமை கோரினார். நாம் இன்று ஸ்டீரியோ என்பது அதுவே. ஒரே ஒலிபெருக்கியில் ஒரு வழி ஒலியை மட்டும் கேட்பவனுக்குத் திசை தெரிய வழியில்லை.

செய்யத் துணிந்த தவறு

மாமா வீட்டில் பழுதான கணிப்பொறியின் இரு ஒலிபெருக்கிகள் சும்மா கிடந்தன. பெட்டியின் பின்மூடியைக் கழற்றி, உள்ளே ஒலிபெருக்கிக்குச் செல்லும் ஒயரை வெட்டி இவற்றோடு முறுக்கிவிடலாம் என்று திருப்புளியை எடுத்தேன். நல்லவேளையாக, மறுநாள் செய்யலாம் என்று வைத்துவிட்டுக் கல்லூரியில் எங்கள் விரிவுரையாளரிடம் சொன்னேன். அவர் பதறிப்போனார். படக்குழாய்ப் பெட்டியினுள் சுமார் 20,000 வோல்ட் அழுத்தம் இருக்கும். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் படக்குழாயில் மின்னூட்டம் தங்கியிருக்கும். கை பட்டால் உயிருக்கே ஆபத்து என்று விளக்கினார். நண்பர்களே, எக்காரணம் கொண்டும் மூடியைத் திறவாதீர்கள். திறக்கவேண்டிய தேவையும் இல்லை.

சரியான வழி

விளையாட்டுக் கருவியிலிருந்து வருவது மிக மெல்லிய மின்குறிப்பு. வெறும் ஒலிபெருக்கியை அதனால் இயக்க முடியாது. ஆனால் கணிப்பொறி ஒலிபெருக்கிக்குள்ளேயே ஆம்ப்ளிபயர் இருக்கிறது. அதற்கெனத் தனி மின்சாரமும் உண்டு. மெல்லிய குறிப்பை ஏற்றுப் பெருக்குவதற்கென்றே அது அமைந்தது. ஆகவே பின்களை ஒன்றோடொன்று பொருந்தச் செய்வதே நம் வேலை.

ஒலிபெருக்கியின் நுனியில் இருப்பது 3.5 எம்.எம். ஸ்டீரியோ பின். அதில் இரு கறுப்பு வளையங்கள் தெரியும். அவை பிரிக்கும் மூன்று பகுதிகளுள் நுனி இடப்பக்கம், நடு வலப்பக்கம், அடி பொது இணைப்பு. கருவியின் வெள்ளை, சிவப்பு ஆகியவையும் பின்களே. பின்னும் பின்னும் சேரா. இது தெரியாமல் முதலில் நான் வாங்கிய இணைப்பு ஒயர் வீணாயிற்று. ஒரு பக்கம் இரண்டு ஆர்.சி.ஏ. துளைகள், மறுபக்கம் ஒரு 3.5 எம்.எம். துளை என்று கேட்டு வாங்கவேண்டும். ஊஃபருடன் வரும் சில ஒலிபெருக்கிகளின் பின்புறம் வெள்ளை, சிவப்புத் துளைகளே இருக்கும். அவற்றில் நேரே செருகிவிடலாம்.

எல்லாவற்றையும் அணைத்துவிட்டுச் செருகுக. மஞ்சள் பின் தொலைக்காட்சியிலேயே இருக்கட்டும். ஒலியளவை முற்றும் குறைத்து வைத்துப் பின்னர் மெல்ல ஏற்றுக. இரு ஒலிபெருக்கிகளையும் திரையின் இருபுறமும், ஆடுபவரோடு சேர்ந்து ஒரு முக்கோணம் அமையுமாறு வைக்கவேண்டும். விளையாட்டின் ஒலிப் பட்டியலில் மோனோ என்றிருந்தால் ஸ்டீரியோ என மாற்றுக. 'உம்' என்ற இரைச்சல் எழுந்தால், எல்லாக் கருவிகளுக்கும் ஒரே பிளக் போர்டிலிருந்து மின்சாரம் கொடுத்துப் பார்க்கலாம்; பெரும்பாலும் குறையும்.

புதிய கருவிகளுக்கு

பிளேஸ்டேஷன் 4, 5 ஆகியவற்றில் இம்மூன்று பின்கள் இல்லை. ஹெச்.டி.எம்.ஐ. எனும் ஒரே ஒயரில் படமும் ஒலியும் எண் வடிவில் செல்கின்றன. தொலைக்காட்சியில் ஹெட்போன் துளை இருந்தால் ஒலிபெருக்கியை அதில் செருகுவதே எளிது. இல்லாவிடில், ஹெச்.டி.எம்.ஐ. ஒயரிலிருந்து ஒலியைப் பிரித்துத் தரும் சிறு பெட்டி கடைகளில் கிடைக்கிறது.

முடிவாக

இணைத்த அன்று மாலை தம்பி ஆட உட்கார்ந்தான். சில நிமிடங்களில், திரும்பிப் பாராமலே, "வலப்பக்கம் வருகிறான், அண்ணா!" என்று கூவி வண்டியை ஒதுக்கினான். கவனம் அவனிடம் எப்போதும் இருந்தது. செவிக்குச் செய்திதான் போய்ச் சேரவில்லை. வகுப்பிலோ வீட்டிலோ ஒருவனைக் கவனமற்றவன் என்று கூறுமுன், அவனுக்குச் சேரவேண்டியது முழுவதும் சேர்கிறதா என்று பார்க்கக் கற்றுக்கொண்டேன்.